கோட்டுக்குக் கீழே உள்ள எண்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஊரான 'கோத்தா திங்கி'யின் பெயரைக் கைப்பேசியில் தட்டுகிறவருக்கு என்ன வேண்டும்? சிங்கப்பூரில் ஒரு குடும்பம் சனி, ஞாயிறுக்கு எங்காவது கிளம்ப நினைக்கிறது. அருவிக்குப் போகலாமா, ஆற்றில் மின்மினி பார்க்கலாமா என்று பேச்சு நடக்கிறது. ஜொகூர் பாருவில் வேலை செய்யும் பையனுக்கு ஊருக்குத் திரும்பப் பேருந்து நேரம் தெரிய வேண்டும். பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்றத்தில் பிறந்து கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர், அங்கே வீடு என்ன விலை போகிறது என்று பார்க்கிறார். வரலாறு படிக்கும் மாணவி, 1699இல் கொலையுண்ட சுல்தான் மாமூட்டின் கல்லறை எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று தேடுகிறாள். டிசம்பரில் நான்கு நாள் மழை விடாமல் பெய்துவிட்டால் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது? 2006 டிசம்பரில் ஒரு முறையும், ஈரம் காய்வதற்குள் 2007 ஜனவரியில் மறுமுறையும் மூழ்கிய ஊர் அது. கேட்காமல் இருப்பார்களா?

இத்தனை பேரும் தட்டுவது ஒரே ஊர்ப் பெயர். தேடுபொறிக்கு அவர்கள் மனசு தெரியாது. தட்டிய சொல் தெரியும், இருக்கும் இடம் தெரியும், நேரம் தெரியும். அந்தச் சொல்லுக்கு எதிரே காசு கட்டி விளம்பரம் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால், பேருந்து தேடும் பையனுக்கும் அவருடைய விளம்பரம்தான் வந்து நிற்கும். பையன் அதைத் தாண்டிப் போவான். அப்படித் தாண்டிப் போவது ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் ஏறுகிறது. இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைப் பற்றியது.

ஜொகூர் ஆற்றில் இருட்டிய பிறகு படகில் போனால், கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக விட்டுவிட்டு ஒளிர்வதைப் பார்க்கலாம். அதற்கென்றே வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். அப்படிப் படகு விடும் ஓர் அத்தையைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு இலக்கவியல் விளம்பரம் பிடிபடாது. அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். அத்தையும் கற்பனை, அவர் தொழிலின் எண்களும் கற்பனை. பெயரோடும் ஆண்டோடும் வருபவை மட்டும் நடந்தவை.

தேடல் விளம்பரத்தில் எல்லாரும் பேசும் எண் கிளிக் விகிதம். விளம்பரம் 100 முறை காட்டப்பட்டு 3 முறை தட்டப்பட்டால் 3 விழுக்காடு. பள்ளிக்கூடத்துப் பின்னம்தான்: கோட்டுக்கு மேலே கிளிக், கீழே காட்டப்பட்ட தடவைகள். இந்தப் பின்னத்தை உயர்த்த வேண்டும் என்றதும் கை தானாக மேலே உள்ள எண்ணுக்குப் போகிறது. தலைப்பை மாற்று, 'இன்றே' என்று ஒரு சொல் சேர், ஆச்சரியக்குறி போடு. (தலைப்பில் ஆச்சரியக்குறி போடக் கூகுள் விடுவதே இல்லை. அந்த ஒரு விதிக்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம்.) ஆனால் பின்னத்தை உயர்த்த இன்னொரு வழி உண்டு, பெரும்பாலும் அதுதான் பெரிய வழி. கீழே உள்ள எண்ணைக் குறைப்பது.

மருமகன் செய்ததைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 'கோத்தா திங்கி' என்ற தேடுசொல்லை விரிந்த பொருத்தத்தில் வைத்தான். அதாவது, அந்தச் சொல்லோடு தொடர்புள்ளதாகக் கூகுளுக்குத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் வரலாம். ஒரு மாதத்தில் 2,000 முறை காட்டப்பட்டது, 40 கிளிக் விழுந்தது. 2 விழுக்காடு. சுமார்தான் என்று தலைப்பைத் திருத்த உட்கார்ந்தான். அதற்கு முன் திறக்க வேண்டிய அறிக்கை வேறு ஒன்று இருக்கிறது: ஆட்கள் உண்மையில் என்ன தட்டியபோது விளம்பரம் வந்தது என்று வரிசையாகச் சொல்லும் அறிக்கை. அதில் வானிலையும் வெள்ளமும் தேடியவர்களுக்கு 600 முறை காட்டப்பட்டிருக்கிறது, ஒரே ஒரு கிளிக். பேருந்து நேரம் தேடியவர்களுக்கு 500 முறை, 2 கிளிக். வீடு, மனை விலை தேடியவர்களுக்கு 300 முறை, அதில் ஒன்று. அருவிக்குப் போகத் தேடியவர்கள் 400, அவர்களில் 9 பேர் தட்டினார்கள். மின்மினி, படகு என்று தேடியது வெறும் 200 முறை. அதில் 27 கிளிக்.

வானிலை, வெள்ளம், பேருந்து, வீடு ஆகியவற்றை விலக்குச் சொற்களாக, அதாவது தேடலில் வந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் சொற்களாகச் சேர்த்தால் என்ன ஆகும்? 600 முறை மட்டுமே காட்டப்படும், 36 கிளிக் மிஞ்சும். விகிதம் 6 விழுக்காடு. விளம்பரத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, விகிதம் மும்மடங்கு. போனது நான்கு கிளிக், அந்த நான்கும் கைதவறித் தட்டியவையாகவே இருக்கும்.

இதைச் செய்து பார்க்கும்போது மலேசியாவில் ஒரு தொல்லை உண்டு. விலக்குச் சொல் பொருளைப் பார்த்து விலக்காது, எழுத்தைப் பார்த்து விலக்கும். ஆங்கிலத்தில் வெள்ளத்தை விலக்கினால் மலாயில் 'பாஞ்சிர்' என்று தேடுபவருக்குப் படகு விளம்பரம் போய்க்கொண்டேதான் இருக்கும். சீனத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். தமிழர் தேடலோ பாதி ஆங்கிலத்தில், பாதி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் நடக்கிறது. ஒரே ஊர்ப் பெயரை ஐந்து விதமாக எழுதுகிறோம். கூகுள் தன் விளம்பரச் சேவைகளில் தமிழை முறையாகச் சேர்த்ததே 2018இல்தான். நான்கு மொழி பேசும் ஊரில் விளம்பரம் வைப்பவர், நான்கு விலக்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். சலிப்பான வேலை. இந்தத் தொழிலில் காசு மிச்சப்படுவது பெரும்பாலும் இப்படிச் சலிப்பான இடங்களில்தான்.

சரி, 6 விழுக்காடு வந்துவிட்டது. இன்னும் ஒரு படி போய் அருவித் தேடலையும் விலக்கினால்? 200 காட்சிக்கு 27 கிளிக், 13.5 விழுக்காடு. அறிக்கை அழகாகிவிடும். ஆனால் அருவிக்கு வரும் குடும்பம் இரவு தங்கிப் படகும் ஏறக்கூடிய குடும்பம். அந்த 9 பேரை வெட்டி எறிந்து வாங்கிய அழகு அது. விகிதத்தை மட்டும் துரத்தினால் கடைசியில் ஒரே ஒருவருக்குக் காட்டி, அவர் தட்டி, 100 விழுக்காடு என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பர் கதையும் இதனால் விளங்கும். அடைமழை நாளில் ஊர்ப் பெயரைத் தேடுவோர் கூடுகிறார்கள், மின்மினி தேடுவோர் குறைகிறார்கள். விளம்பரம் அதேதான், விகிதம் விழுகிறது. ஜனவரியில் எழுதிய புதுத் தலைப்பு மார்ச்சில் 'வேலை செய்தது' என்று மருமகன் சொன்னால், வேலை செய்தது வெயிலா தலைப்பா என்று கேட்க வேண்டும்.

இப்போது, கூகுளுக்கு இந்த விகிதம் எதற்கு என்று பார்க்கலாம். கதை கூகுளில் தொடங்கவில்லை. 1998இல் பில் குரோஸ் என்பவர் கலிபோர்னியாவில் கோடூ என்ற தேடுபொறியைத் தொடங்கினார். தேடல் முடிவில் எந்த இடம் யாருக்கு என்பதை ஏலத்தில் விட்டார். ஒரு கிளிக்குக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே. கேட்ட தொகையையே கட்ட வேண்டும். சிரித்தவர்கள் பலர். ஆனால் பணம் கொட்டியது. 2001இல் ஓவர்ச்சூர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனத்தை 2003இல் யாகூ வாங்கியது.

அந்த ஏலத்தில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, கேட்ட விலையையே கட்ட வேண்டியிருந்ததால் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. போட்டியாளரை விட ஒரே ஒரு காசு கூட்டிக் கேட்க மென்பொருள் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மென்பொருள்கள் மாறி மாறிக் காசு காசாக ஏற்றும், ஒரு கட்டத்தில் கட்டுப்படியாகாமல் ஒருவர் கீழே குதிப்பார், உடனே மற்றவரும் குதிப்பார், மறுபடி ஏற்றம். ஓவர்ச்சூரின் தரவுகளில் இந்த ரம்பப்பல் வடிவத்தைப் பெஞ்சமின் எடல்மனும் மைக்கேல் ஆஸ்திரோவ்ஸ்கியும் பின்னாளில் வரைந்து காட்டினார்கள். இரண்டாவது ஓட்டை பெரியது. அதிகம் கேட்பவர் மேலே என்றால், யாரும் தட்டாத விளம்பரம் கூட மேலே வந்து குந்திக்கொள்ளும். கிளிக் விழாவிட்டால் தேடுபொறிக்கு வருமானமே கிடையாது.

கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரச் சேவையைத் திறந்தபோது ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்றுதான் வாங்கியது. 2002 பிப்ரவரியில் கிளிக் கணக்குக்கு மாறியது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் எரிக் வீச். ஸ்டான்ஃபோர்டில் கணினி வரைகலையில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று கணக்கிடும் முறைகளில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிக்சாரில் வேலை பார்த்தவர். அந்த ஆய்வுக்காக 2014இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் அவருக்குக் கிடைத்தது. அனிமேஷன் படங்களின் வெளிச்சத்துக்கும் நம் தேடல் பக்கத்து விளம்பரத்துக்கும் பொதுவாக ஒரு மனிதர் இருப்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகவே இருக்கிறது.

புதிய முறை இதுதான். கேட்கும் விலையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதை எதிர்பார்க்கும் கிளிக் விகிதத்தால் பெருக்கி, அந்தப் பெருக்கலை வைத்து வரிசைப்படுத்துவது. கட்ட வேண்டியது நீங்கள் கேட்ட விலை அல்ல. உங்களுக்கு அடுத்தவரைத் தாண்ட எவ்வளவு போதுமோ அவ்வளவு.

கணக்குப் போட்டால் சட்டென்று புரியும். பெரிய விடுதி ஒன்று மின்மினித் தேடலுக்கு ஒரு கிளிக்குக்கு 3 வெள்ளி கேட்கிறது. அதன் விளம்பரம் பொதுவானது, 2 விழுக்காடுதான் தட்டுகிறார்கள். பெருக்கினால் ஒரு காட்சிக்கு 6 காசு. அத்தை கேட்பது 2 வெள்ளி. படகு, நேரம், இடம் எல்லாம் எழுதிய விளம்பரம் என்பதால் 6 விழுக்காடு தட்டுகிறார்கள். பெருக்கினால் 12 காசு. குறைவாகக் கேட்ட அத்தைதான் மேலே. அவர் கட்ட வேண்டியது? விடுதியின் 6 காசை எட்ட அவருக்குக் கிளிக்குக்கு 1 வெள்ளி போதும். விகிதம் 8 விழுக்காடானால் 75 காசே போதும். பணமுள்ள விடுதிக்கு மேலே பணமில்லாத அத்தை உட்காரும் வழி இதுதான். கூகுளுக்கு இதில் தானதருமம் எதுவும் இல்லை. ஆயிரம் காட்சிக்கு விடுதி தந்திருக்கக்கூடியது 20 கிளிக், 60 வெள்ளி. அத்தை தருவது 60 கிளிக், அதே 60 வெள்ளி. கூடுதலாக, தேடியவருக்குத் தேடியது கிடைத்தது, அவர் அடுத்த முறையும் விளம்பரத்தைத் தட்டுவார்.

அடுத்தவர் விலையைக் கட்டும் ஏலத்தின் கணிதத்தை 1961இலேயே வில்லியம் விக்ரி எழுதிவிட்டார். அதற்காக 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டு மூன்றாவது நாள் இறந்துபோனார். கூகுளின் முறை விக்ரியின் முறையேதானா என்றால் இல்லை. விக்ரியின் ஏலத்தில் மனத்தில் உள்ள விலையை அப்படியே சொல்வதுதான் புத்திசாலித்தனம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உள்ள தேடல் ஏலத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது என்று எடல்மன், ஆஸ்திரோவ்ஸ்கி, ஷ்வார்ட்ஸ் மூவரும் 2007இல் காட்டினார்கள். கூகுளின் பொருளியலாளர் ஹால் வேரியனும் அதே ஆண்டு தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்றைய முறை இன்னும் சிக்கலானது. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, தட்டியதும் போய்ச் சேரும் பக்கம் எப்படி, கைப்பேசியா கணினியா, தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் ஒவ்வொரு ஏலத்திலும் சேர்கிறது. ஒன்று முதல் பத்து வரை காட்டப்படும் தர மதிப்பெண் ஏலத்தில் நேரடியாக நுழைவதில்லை; அது மருத்துவர் பார்க்கும் காய்ச்சல்மானி மாதிரி, நோயைக் காட்டும், மருந்து ஆகாது.

இதனால்தான் மேலே சொன்ன விலக்குச் சொல் வித்தையையும் அளவாக நம்ப வேண்டும். பேருந்து தேடுபவரை விலக்கியதால் அத்தையின் அறிக்கையில் விகிதம் ஏறியது. மின்மினி தேடுபவருக்கான ஏலத்தில் அவர் பலம் அதனால் மட்டும் ஏறிவிடாது; அங்கே அந்தத் தேடலுக்கு அந்த விளம்பரம் தட்டப்படுமா என்பதுதான் கேள்வி. அதற்கு எழுத்துதான் வேண்டும். ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். தேடியவர் தட்டிய சொல் அதில் இருக்க வேண்டும். மலாயில் தேடியவருக்கு 'கெலிப்-கெலிப்' என்றே இருக்க வேண்டும், கூகுள் உங்களுக்காக மொழிபெயர்த்துத் தராது. ஜொகூர் பாருவிலிருந்து எவ்வளவு தூரம், படகு எத்தனை மணிக்கு என்பதும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். 'மறக்க முடியாத அனுபவம்' என்று எழுதினால் உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவதை யாரும் தட்டுவதில்லை.

இடத்தின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. 2005இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் ஜோக்கிம்ஸ் குழுவினர் ஆட்களைத் தேடச் சொல்லி, கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மட்டும் கூகுளின் முதல் இரண்டு முடிவுகளைச் சத்தமில்லாமல் இடம் மாற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் மேலே இருந்ததைத்தான் அதிகம் தட்டினார்கள். அதனால் முதலிடத்து விளம்பரத்தின் 6 விழுக்காட்டையும் நான்காமிடத்து விளம்பரத்தின் 3 விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்து எது நல்ல எழுத்து என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கூகுளும் எதிர்பார்க்கும் விகிதத்தைக் கணிக்கும்போது இடத்தின் தாக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறது.

மருமகன் இப்போது இரண்டு விளம்பரம் எழுதிவிட்டான். இரண்டும் தலா 400 முறை காட்டப்பட்டன. ஒன்றுக்கு 12 கிளிக், மற்றதற்கு 18. 3 விழுக்காடு, 4.5 விழுக்காடு. இரண்டாவது ஒன்றரை மடங்கு நல்லது என்று முதலாவதை நிறுத்தப் போகிறான். நிறுத்தலாமா?

இரண்டும் ஒரே விளம்பரம், ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தலா 400 முறை காட்டினால் கிளிக் எண்ணிக்கை சமமாக விழாது. ஒன்று 13, மற்றது 16 என்று ஏறி இறங்கும். நிகழ்தகவுக் கணக்குப்படி, ஒரே விளம்பரத்தையே இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டினாலும், நான்கு முறைக்கு ஒரு முறைக்கும் மேலாக ஆறோ அதற்கு அதிகமோ கிளிக் வித்தியாசம் வந்துவிடும். மருமகன் பார்த்த வெற்றி, வெறும் குலுக்கலில் அடிக்கடி வருகிற வெற்றிதான்.

எத்தனை காட்சி வேண்டும்? 3 விழுக்காட்டுக்கும் 4.5 விழுக்காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிச் சொல்ல, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏறக்குறைய 2,500 காட்சி வேண்டும். 3க்கும் 3.3க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க, தலா 54,000. மின்மினித் தேடல் மாதத்துக்கு 200தான் என்றால், முதல் கேள்விக்குப் பதில் வர இரண்டு ஆண்டுக்கு மேல். இரண்டாவதற்கு 45 ஆண்டு. மருமகனுக்கே பேரன் வந்துவிடுவான். கூகுளோ அமேசானோ பொத்தானின் நிறத்தை மாற்றி அரை விழுக்காடு கூட்டிய கதைகளைப் படித்துவிட்டுச் சிறு வியாபாரிகள் அதையே செய்து பார்ப்பது இதனால்தான் வீண். அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு இருப்பது கோடிக்கணக்கான காட்சி. அத்தைக்குச் சின்ன வித்தியாசங்களைச் சோதிக்க வழியே இல்லை. பெரிய வித்தியாசத்தை மட்டும் சோதிக்கலாம்: படகையே விற்பதா, படகும் இரவுச் சாப்பாடும் சேர்த்து விற்பதா என்பது மாதிரி.

தேடுபொறிகளுக்கும் இதே சங்கடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புது விளம்பரம் ஒன்று வருகிறது. ஒரே ஒரு முறை காட்டினார்கள், ஒருவர் தட்டிவிட்டார். 100 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு ஏலத்தில் பெருக்க முடியுமா? அதற்கு ஒரு தந்திரம்: இந்த மாதிரி விளம்பரங்களுக்குப் பொதுவாக 100க்கு 3 என்று முன்கூட்டியே ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அதையும் நடந்த கிளிக்கையும் கூட்டுவது. 3 கூட்டல் 1, கீழே 100 கூட்டல் 1. ஏறக்குறைய 4 விழுக்காடு. காட்சி கூடக் கூட அந்த முன்நம்பிக்கையின் எடை தானாகக் குறையும், உண்மை எண் தலைதூக்கும். மைக்ரோசாஃப்டின் மேத்யூ ரிச்சர்ட்சன் குழுவினர் 2007இல் இன்னும் ஒரு படி போனார்கள். புது விளம்பரத்தின் சொற்கள், அதே தேடுசொல்லுக்கு வந்த பிற விளம்பரங்கள் எல்லாவற்றையும் வைத்து, ஒரு கிளிக்கும் விழாமலே விகிதத்தைக் கணித்துக் காட்டினார்கள். அத்தை தன் முதல் விளம்பரத்தை இடும் நிமிடத்திலேயே அதற்கு ஓர் எதிர்பார்ப்பு ஒட்டப்பட்டுவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பு, அவருக்கு முன் இதே தேடலுக்கு எழுதியவர்களின் எழுத்திலிருந்து வந்தது.

எந்த விளம்பரம் நல்லது என்று கண்டுபிடிக்கச் செலவிடும் காட்சிகளில் பாதி, மோசமான விளம்பரத்துக்குத்தானே போகிறது? இந்தக் கேள்வியை 1933இலேயே எழுப்பியவர் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் தாம்சன். அவர் கவலை விளம்பரமல்ல, நோயாளிகள். இரண்டு மருந்தில் எது நல்லது என்று சோதிக்கும்போது மோசமான மருந்து வாங்குபவர்களை எப்படிக் குறைப்பது? நம்பிக்கை எந்த அளவுக்கோ அந்த விகிதத்தில் ஆட்களைப் பிரித்துக் கொடு என்றார். ஏறத்தாழ எண்பது ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2011இல் யாகூவின் ஒலிவியே ஷப்பெலும் லிஹோங் லீயும் விளம்பரத் தரவில் அதைப் போட்டுப் பார்த்து, அந்தப் பழைய முறை எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று எழுதிய பிறகுதான் அதற்கு மறுவாழ்வு. மருத்துவத்துக்காகப் பிறந்தது விளம்பரத்தில் பிழைத்தது.

"அத்தை, போன மாசம் நாப்பது பேர் தட்டியிருக்காங்க."

"படகுல எத்தன பேரு ஏறுனாங்க?"

"அது இதுல தெரியாது, அத்தை."

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அதைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தது ஈபே. எந்த விளம்பரத்துக்குக் கிளிக் விகிதம் மிக அதிகம்? உங்கள் பெயரையே தேடுபவருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு. ஈபே என்று தட்டியவர் ஈபேயைத்தான் தட்டுவார், விகிதம் வானத்தில் இருக்கும், விளம்பரப் பிரிவு மார்தட்டிக்கொள்ளும். ஆனால் அவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரே? 2012இல் ஈபேயில் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் சில தேடுபொறிகளில் அந்த விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். போன கிளிக்குகளில் 99.5 விழுக்காடு, கீழே இருந்த இலவச முடிவு வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. இத்தனை நாள் வீட்டுக்கு வருபவரை வாசலில் நிறுத்தி, அழைத்து வந்ததற்கென்று தரகு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் சிறு வியாபாரிக்குச் சாதகமான செய்தியும் உண்டு: ஈபேயை அறியாத புதியவர்களையும் எப்போதாவது வருபவர்களையும் விளம்பரம் உண்மையிலேயே இழுத்தது. அத்தைக்கு வருபவர்கள் எல்லாருமே புதியவர்கள்தான்.

தன் பெயருக்கே காசு கட்டுவது எப்போது நியாயம்? அடுத்தவர் அந்தப் பெயரில் வந்து உட்காரும்போது. இதற்கு நம் பக்கத்து வழக்கே இருக்கிறது. தமிழ்மேட்ரிமோனி, பாரத்மேட்ரிமோனி தளங்களை நடத்திய சென்னை நிறுவனமான கான்சிம் இன்ஃபோ, கூகுளையும் போட்டித் திருமணத் தளங்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. எங்கள் பெயரைத் தேடினால் அவர்கள் விளம்பரம் வருகிறது என்பது புகார். 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' மாதிரி பொருளை விவரிக்கும் சொற்களை ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அதே நிறுவனக் குழுமம் இந்தியப் போட்டி ஆணையத்திலும் புகார் செய்தது. 2018இல் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அது தேடல் முடிவுகளில் காட்டிய சாய்வுக்கு. விளம்பர ஏலத்தில் ஆணையம் குற்றம் காணவில்லை. ஊர்ப் பெயரையும் பொருளையும் சேர்த்துக் கடைக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'கோத்தா திங்கி மின்மினிப் படகு' என்று அத்தை பெயர் வைத்தால் தேடலில் எளிதாகக் கிடைப்பார். அதே காரணத்தால் யாரும் அந்தப் பெயரில் எதிரே வந்து நிற்கலாம்.

கடைசியாக, விலை. விளம்பரத்திலேயே ஒருவருக்கு இவ்வளவு வெள்ளி என்று போட்டுவிட வேண்டுமா? ஆலோசகர்கள் சொல்வது: போடுங்கள், வாங்காதவர் தட்ட மாட்டார், காசு மிச்சம். ஏலத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு சரியில்லை. அத்தையின் விளம்பரம் விலை இல்லாமல் 6 விழுக்காடு, கிளிக்குக்கு 1 வெள்ளி. ஆயிரம் காட்சிக்கு 60 வெள்ளி. விலை போட்டதும் 4 விழுக்காடாக இறங்கியது. விடுதியின் 6 காசை எட்ட இப்போது கிளிக்குக்கு ஒன்றரை வெள்ளி வேண்டும். 40 கிளிக், மறுபடி அதே 60 வெள்ளி. எதிரே போட்டியாளர் இருக்கும் வரை அந்த இடத்துக்கான வாடகை அவர் தயவில்தான் நிற்கிறது. கிளிக்கைக் குறைத்தாலும் வாடகை குறையாது. எனவே பார்க்க வேண்டியது ஆயிரம் காட்சிக்கு எத்தனை பேர் படகில் ஏறினார்கள் என்பதை மட்டும்தான்.

விலை போட்டாலும் போடாவிட்டாலும் ஏறியது ஏறத்தாழ அதே எண்ணிக்கை என்று தெரிந்தபோது மருமகன் விலையை எடுத்துவிடச் சொன்னான், 6 விழுக்காடு பார்க்க நன்றாக இருக்கிறது என்றான். அத்தை வேண்டாம் என்றார். ராத்திரி எட்டு மணிக்குப் படகில் ஆட்களோடு இருக்கும்போது, புலனத்தில் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்கு அவரால் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது.